பன்னிரண்டாவது மாதம்

அக்கா போன் செய்தால் முதலில் உடம்பு, அடுத்து மழை, அதற்குப் பிறகுதான் விஷயம். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே, "தம்பி, ஞாயித்துக்கிழம நீ கோவில்பட்டிக்கு வா. பாப்பாகிட்ட நீதான் பேசணும்" என்றாள். கொஞ்சம் பயந்துதான் போனேன்.

பாப்பா என்றதும் சின்னப் பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். வயது 26. பி.காம். முடித்தவள். பல்கலைக்கழக ஹாக்கி அணியில் ஆடியவள். பாட்டியாலாவில் ஒரு வருடம் தங்கிப் படித்து, ஹாக்கி பயிற்சியாளர் டிப்ளமோவோடு வந்தவள். எங்கள் வீட்டு மூத்த பேத்தி என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மைதானத்தில் இருபது பிள்ளைகள் "மேடம், மேடம்" என்று சுற்றி நிற்கும்போதுகூட, அக்கா ஓரமாக நின்று "ஏ பாப்பா, காப்பி ஆறுது" என்பாள். மேடத்தின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

(போன வாரம் மாடித்தோட்டத்துக் கத்தரிச் செடி பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பூச்சி மருந்து கேட்டவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

விஷயம் இதுதான். இரண்டு வருடமாக வேலை தேடியவளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலை வந்திருந்தது. ஒன்று, சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதும் வேலை. சம்பளம் ரூ.17,000. பி.எஃப். உண்டு, தீபாவளிக்கு போனஸ் உண்டு, வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். இன்னொன்று, அரசுத் திட்டம் ஒன்றில் நடக்கும் பயிற்சி மையத்தில் ஹாக்கி பயிற்சியாளர் வேலை. மாதம் ரூ.25,000 தொகுப்பூதியம். ஆனால், வேறு மாவட்டம். அதைவிடப் பெரிய ஆனால், அது 11 மாத ஒப்பந்தம். ஜூன் 1 சேர்ந்தால் ஏப்ரல் 30 வரை.

"பதினோரு மாசம்னா, பன்னண்டாவது மாசம் என்னடா செய்வா?"

அக்காவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வாடகை வீட்டுக்கு 11 மாதத்துக்குத்தான் பத்திரம் எழுதுகிறோம். ஆனால், பன்னிரண்டாவது மாதமும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். வேலை அப்படி இல்லையே!

கோவில்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடலைமிட்டாய் ஞாபகம் வரும், தீப்பெட்டி ஞாபகம் வரும். உள்ளூர்க்காரர்களுக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு. இங்கே ஹாக்கி ஸ்டிக்கோடு தெருவில் போகும் பிள்ளையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவ்வளவு சாதாரணம். செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதி இருக்கிறது. 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடிய மாரீஸ்வரன், கார்த்தி இருவரும் கோவில்பட்டியில் பயிற்சி பெற்றவர்கள். மாரீஸ்வரன் உள்ளூர்ப் பையன், கார்த்தி அரியலூரிலிருந்து வந்து இந்த விடுதியில் தங்கியவர். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தபோது நான் மதுரையில் என் வீட்டு சோபாவில் துள்ளிக் குதித்து, இடுப்பு பிடித்துக்கொண்டது தனிக்கதை.

ஊர் இப்படி இருக்கும்போது, ஹாக்கி சொல்லிக்கொடுக்கத் தெரிந்த பெண்ணுக்கு வேலையா கிடைக்காது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அக்கா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துச் சேர்த்து வாங்கிய நாலு பவுன் செயின், பாப்பா பாட்டியாலா கிளம்பியபோது பேங்க்குக்குப் போனது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. வருடா வருடம் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறாள். "அது எங்க போகப்போவுது, பத்திரமாத்தான இருக்கு" என்று சிரிப்பாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான்.

பாட்டியாலாவில் இருப்பது நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம். சுருக்கமாக என்.ஐ.எஸ். 1961-லிருந்து நாட்டுக்கே பயிற்சியாளர்களை உருவாக்குகிற இடம். அங்கே டிப்ளமோ சேரப் பட்டப்படிப்பும், தேசிய அளவிலோ பல்கலைக்கழகங்களுக்கு இடையிலோ ஆடிய சான்றிதழும் கேட்பார்கள். உடற்தகுதித் தேர்வும் உண்டு. பாப்பா எல்லாவற்றிலும் தேறினாள். ரொட்டியும் குளிரும்தான் முதல் மூன்று மாதம் படுத்தியதாகச் சொன்னாள்.

திரும்பி வந்த பிறகுதான் ஒரு சங்கதி எங்களுக்குப் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் இருக்கிற வேலை உடற்கல்வி ஆசிரியர் வேலை. அதற்கு பி.பி.எட். வேண்டும். பாப்பா கையில் இருப்பது பயிற்சியாளர் டிப்ளமோ. நமக்கு இரண்டும் ஒன்று மாதிரித் தெரிகிறது, இரண்டு பேர் கழுத்திலும் விசில்தானே தொங்குகிறது? ஆனால், வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களுக்கு அவை வேறு வேறு. பி.டி. மாஸ்டர் பள்ளிக்கூடத்து ஆள், எல்லா விளையாட்டும் அவர் பொறுப்பு. கோச் என்பவர் ஒரு விளையாட்டின் ஆள். பி.பி.எட். இருந்தால் பள்ளிக்கூடத்துச் சம்பளம், என்.ஐ.எஸ். இருந்தால் பயிற்சியாளர் பணிக்கு விண்ணப்பம். இரண்டும் வைத்திருப்பவருக்கு இரண்டு கதவு. பாப்பா ஒரு கதவை மட்டும் செய்துகொண்டு வந்திருந்தாள். இதை முன்கூட்டியே எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் ஸ்டிக் பிடிக்கிற பிள்ளை இருந்தால், பட்டப்படிப்பு முடித்த கையோடு பி.பி.எட்.டும் முடிக்கச் சொல்லுங்கள். சென்னை நந்தனத்தில் 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி முதல் காரைக்குடி அழகப்பா கல்லூரி வரை படிக்க இடத்துக்குக் குறைவில்லை.

நிரந்தரமான அரசுப் பயிற்சியாளர் பணிக்கு எப்போதாவதுதான் அறிவிப்பு வரும். அதுவும் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து வரும். ஹாக்கிக்கு விரல் விட்டு எண்ணும் இடங்கள். மத்திய அரசின் விளையாட்டு ஆணையம் ஆள் எடுத்தால் பஞ்சாபிலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் விண்ணப்பம் குவியும். நாட்டுக்காக ஆடியவர்களே வரிசையில் நிற்பார்கள்.

ஆகவே, ஒரு தனியார் பள்ளி. எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம். 'ஹாக்கி கோச்' என்று அட்டையெல்லாம் அடித்துக் கொடுத்தார்கள். சம்பளம் ரூ.12,000. முதல் மாதம் 18 பிள்ளைகள் சேர்ந்தார்கள். இரண்டாவது மாதம் பள்ளி பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பொறுப்பு வந்தது. மூன்றாவது மாதம் ஆண்டுவிழாவுக்கு மார்ச் பாஸ்ட். அப்புறம் பரீட்சை ஹால் மேற்பார்வை. இத்தனைக்கும் நடுவில் காலை ஆறு மணிக்கு அந்தப் பதினெட்டுப் பேரையும் விடாமல் ஆட வைத்தாள். ஏப்ரலில், "ஜூன்ல கூப்பிடுறோம் மேடம்" என்று அனுப்பினார்கள். ஜூனில் இவள்தான் கூப்பிட்டாள். மைதானத்தில் பாதியை வாகனம் நிறுத்த எடுத்துக்கொண்டார்களாம், மீதிப் பாதியில் கிரிக்கெட் வலை கட்டிவிட்டார்களாம். கையில் பணி ஆணை என்று ஒரு தாள் கிடையாது, அட்டைதான் இருந்தது.

அதில் மூன்று பிள்ளைகள் இன்னும் பாப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் அனுப்புகிறார்கள்.

அதற்குப் பிறகு நடுவர் வேலைக்குப் போனாள். போட்டி நடக்கிற நாட்களுக்கு மட்டும் படி கிடைக்கும். ஹாக்கி இந்தியா அமைப்பு நடத்துகிற பயிற்சியாளர் வகுப்பின் முதல் கட்டத்தை ஆன்லைனில் முடித்தாள். அதற்கு மேல் உள்ள படிகளும், சர்வதேச சம்மேளனத்தின் லெவல்களும் ஏணி மாதிரி இருக்கின்றன. ஏறலாம். ஆனால், ஏறுகிற காலத்தில் சோறு யார் போடுவது என்று ஏணி சொல்லாது.

இதற்கு நடுவில்தான் பெண் பார்க்கும் படலம். வந்தவர்கள் நல்ல மனிதர்கள்தான். மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டார்.

"பொண்ணு என்ன வேலை பாக்குது?"

"கோச்சா இருக்கா" என்றார் அத்தான்.

"அப்படியா! நீட்டுக்கா, டிஎன்பிஎஸ்சிக்கா?"

"இல்ல, ஹாக்கிக்கு."

அவர் பஜ்ஜியை ஒரு கடி கடித்துவிட்டு, "அது சரி, வேலை என்னன்னு கேட்டேன்" என்றார்.

பாப்பா உள்ளே இருந்து இதைக் கேட்டுவிட்டுச் சிரித்திருக்கிறாள். அக்கா அன்று ராத்திரி அழுதாள். சிவகாசி அச்சகத்து வேலையை அலைந்து திரிந்து பிடித்து வந்தது அதற்குப் பிறகுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் போய் இறங்கினேன். வீட்டுக்குப் போகாமல் நேராக மைதானத்துக்குப் போனேன். பாப்பாவுக்கு ஆறாம் வகுப்பில் ஸ்டிக் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த சார் அங்கேதான் இருப்பார் என்று தெரியும். ரிட்டயர் ஆகிப் பல வருடம் ஆகிறது. இன்னமும் அஞ்சரை மணிக்கு வந்துவிடுகிறார். சரளை மண்ணில் சுண்ணாம்புக் கோடு அவர் கையால்தான் விழும்.

"சார், கோச்சா இருந்தே பொழைக்க முடியுமா?" என்று கேட்டேன். நேரடியாகத்தான் கேட்டேன்.

அவர் கோட்டைப் போட்டு முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு சொன்னார். "ஹாக்கி ஆடி வேலைக்குப் போனவங்க இந்த ஊர்ல நெறைய பேர் இருக்காங்க. ரயில்வே, போலீஸ், பேங்க்குன்னு போயிருக்காங்க. ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறவங்களும் இருக்காங்க. ஆனா ரெண்டாவது கூட்டமும் முதல் கூட்டந்தான். என்னையே எடுத்துக்கோங்க. எனக்குச் சம்பளம் பி.டி. மாஸ்டர்னு வந்துச்சு. ஹாக்கி அதுக்கு மேல நானாப் போட்டுக்கிட்டது."

யோசித்துப் பார்த்தால் அதுதான் நடைமுறை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஐ.சி.எஃப்.பிலோ, தெற்கு ரயில்வேயிலோ, வங்கியிலோ ஆட்டக்காரராகச் சேர்கிறார்கள். ஆடுகிற வயது முடிந்ததும் அதே துறை அணிக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், அல்லது சாயங்காலம் ஊர்ப் பிள்ளைகளை மேய்க்கிறார்கள். மாதச் சம்பளம் வேறு எங்கிருந்தோ வந்துவிடுகிறது. தமிழ்நாட்டு ஹாக்கியின் அடித்தளமே இந்த மாதிரி மனிதர்களின் ஓய்வு நேரம்தான். பயிற்சியாளர் என்பதையே முழுநேரத் தொழிலாகக் கேட்கிற ஒரு பெண், இந்த ஏற்பாட்டில் எங்கே உட்காருவாள் என்று யாரும் யோசித்து வைக்கவில்லை.

எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு. 2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. இறுதி ஆட்டத்தில் மலேசியாவை 4-3 என்று இந்தியா வென்றது. 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பையே சென்னைக்கும் மதுரைக்கும் வந்தது. 24 நாடுகள். நம் பையன்களுக்கு வெண்கலம். மதுரையில் நானும் ஒரு நாள் போய்க் கத்திவிட்டு வந்தேன். நீலப் புல்தரை பளபளவென்று இருந்தது. ஒரு புல்தரை எட்டு வருடம், பத்து வருடம் உழைக்கும் என்கிறார்கள். அதன் மேல் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவருக்கு மட்டும் ஆயுசு 11 மாதம்!

சாரிடம் பாப்பாவின் இரண்டு வேலையையும் சொன்னேன். எதில் சேரச் சொல்வீர்கள் என்றும் கேட்டேன். "அத நான் சொல்லக்கூடாது. அவ அம்மா செயினு பேங்க்ல இருக்கு" என்றார். அவருக்கு அதுவும் தெரிந்திருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா பொம்பளப் பிள்ளைகளுக்குப் பொம்பள கோச் வேணும் தம்பி. போட்டிக்கு வெளியூர் போகணும்னா நான் எத்தன வீட்டு வாசல்ல போய் நின்னிருக்கேன் தெரியுமா? பாப்பா கூட வாரான்னு சொன்னா மறு பேச்சு கிடையாது, அனுப்பிருவாக" என்றார்.

அது உண்மை. வேலை தேடுகிற பெண் பயிற்சியாளர்களுக்கு இருக்கிற ஒரே பலமும் அதுதான். ஹரியானாவின் சோனிபட்டில் பிரீதம் சிவாச் செய்து காட்டியதும் அதுதான். இந்தியாவுக்காக ஆடி, 2002 காமன்வெல்த் தங்கம் வாங்கியவர். தன் ஊரில் பெண் பிள்ளைகளுக்கு மைதானம் போட்டு உட்கார்ந்தார். அவரிடம் கற்ற பெண்கள் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த அணியில் ஆடினார்கள். 2021-ல் துரோணாச்சாரியார் விருது அவருக்குக் கிடைத்தது. ஹாக்கியில் அந்த விருது வாங்கிய முதல் பெண் பயிற்சியாளர் அவர்தான். பாப்பாவின் அறைச் சுவரில் சினிமாக்காரர் படம் இருந்த இடத்தில் இப்போது அவர் படம்தான்.

வீட்டுக்கு வந்தேன். இட்லி சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. அத்தான் பேப்பரை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தார்.

"இன்டர்வியூல என்னம்மா கேட்டாங்க?" என்று ஆரம்பித்தேன்.

"சர்ட்டிபிகேட் பாத்தாங்க மாமா. அப்புறம் கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போயி பத்துப் பிள்ளைகள விட்டு, இருபது நிமிஷம் சொல்லிக்கொடுங்கன்னாங்க. அதுல ஒருத்தி பந்த நிறுத்தவே பயந்தா. நான் அவள மட்டும் தனியாக் கூப்பிட்டு டென்னிஸ் பந்த வச்சு ஆரம்பிச்சேன். மத்தவங்க டிரிப்ளிங். இருபது நிமிஷம் முடியுறப்ப அவ ஹாக்கி பந்த நிறுத்திட்டா." கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் பிள்ள அங்கதான் படிக்குதாம்" என்றாள்.

கூடவே ஒரு நோட்டையும் கொண்டுபோயிருக்கிறாள். ஒவ்வொரு நாளும் என்ன பயிற்சி, எத்தனை நிமிடம், எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்று தேதி போட்டு எழுதுகிற நோட்டு. அந்த மூடிப்போன தனியார் பள்ளியின் பதினெட்டுப் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். தேர்வுக் குழுவில் ஒருவர் மற்ற கேள்விகளை விட்டுவிட்டு அதையே புரட்டிக்கொண்டிருந்தாராம். வேலை தேடுகிற பயிற்சியாளர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. சான்றிதழ் எல்லோரிடமும் இருக்கிறது, நோட்டு எல்லோரிடமும் இருப்பதில்லை.

இந்த முறை அவளும் அவர்களிடம் கேள்வி கேட்டிருக்கிறாள். பணி ஆணை எழுத்தில் தருவீர்களா? மைதானம் யாருடையது? கோல்கீப்பர் பேட் இருக்கிறதா? வெளியூர்ப் போட்டிக்குப் போனால் பயணப்படி உண்டா? ஒப்பந்தம் முடிந்தால் பழைய ஆளுக்கு முன்னுரிமை உண்டா? கடைசிக் கேள்விக்கு மட்டும் "பார்க்கலாம்" என்றார்களாம்.

அக்கா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். "அதத்தான் நானும் கேக்கேன். பார்க்கலாம்னா என்ன அர்த்தம்?"

நான் அக்கா கட்சிதான் பேசினேன். வந்த வேலை அதற்காக. "சிவகாசி வேலைல சேரு. காலைலயும் ஞாயித்துக்கிழமையும் கிரவுண்டுக்குப் போ. சார் அப்படித்தானே இருந்தாரு?" என்றேன்.

"சார் பள்ளிக்கூடத்துலயே இருந்தாரு மாமா. மணி அடிச்சா கிரவுண்டு. நான் ஏழே காலு பஸ்ஸுக்குப் போனா ராத்திரி ஏழரைக்கு வருவேன். இங்க மைதானத்துல லைட்டு கிடையாது. பிள்ளைக இருட்டுல பந்தத் தேடுமா, என்னையத் தேடுமா?"

பதில் சொல்லத் தெரியாமல் டம்ளரைப் பார்த்தேன். அவள் உள்ளே போய் அந்த நோட்டை எடுத்து வந்து கடைசிப் பக்கத்தைத் திருப்பி அக்கா கையில் கொடுத்தாள். மேலே 'மே' என்று எழுதி அடியில் கோடு. அதன் கீழே கணக்கு. கோடை முகாம், காலை மட்டும், 40 பிள்ளைகள், தலைக்கு ரூ.500. கோன், பந்து, முட்டை, வாழைப்பழம் எல்லாம் கழித்தது போக மிச்சம். பக்கத்திலேயே, தபாலில் பி.பி.எட். இல்லை, நேரில்தான் படிக்க வேண்டும், இரண்டு வருடம், எப்போது என்று ஒரு கேள்விக்குறி. அதற்கும் கீழே, செயின் வட்டி.

பி.காம். படித்தது வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். அத்தான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஜூன் ஒண்ணாந்தேதி என்ன கிழம?" என்று பொதுவாகக் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

"நாப்பது பிள்ளைகளா?" என்றாள் அக்கா. "மே மாசம். தண்ணிக்கு என்ன செய்வ?"

"பானை வைக்கணும்மா. ரெண்டு போதும்."

"ரெண்டு எப்படிப் போதும்? மூணு வேணும்" என்றபடி அக்கா நோட்டை மூடி அவள் கையில் கொடுத்தாள்.